ஸ்டக் ஆன கொம்பியூட்டரைச் சோதிக்க முதல் அழித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரையம்பதியில் என் வீட்டு முன் விறாந்தையை அடைத்து, ஒரு கொம்பியூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்துத் தட்டச்சு வேலை செய்கிறேன். ரியூசன் ஆசிரியர்களின் வினாத்தாள், கண்ணகை அம்மன் சடங்கு நோட்டீஸ், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று பதினொரு வருடமாக இதிலேதான் வீடு ஓடுகிறது.

2025 பங்குனியில் கிரான்குளத்தில் ஒரு வீட்டாருக்காக 32 பக்க நினைவு மலர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். இறந்தவரின் மூத்த சகோதரிக்கு வயது 84. தம்பியின் தலைமாட்டில் இருந்து தான் பாடிய ஒப்பாரியை அந்த ஆச்சி என் விறாந்தைக்கு வந்து, பாயில் இருந்து சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நாலு பக்கம் வந்தது. கொம்பியூட்டர் இடையிடையே அசையாமல் நிற்கத் தொடங்கியிருந்த காலம் அது. வேலை முடியும்வரை தாங்காதென்று பயந்து ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன். பின்னேரம் எடுக்கப் போனபோது, "போமட் அடிச்சிட்டன் அன்ரி, இனிப் பிரச்சினை வராது" என்றார் கடைத் தம்பி. மலர் டெஸ்க்டொப்பில் இருந்தது. டெஸ்க்டொப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவுக்குள்தான் இருக்கும். சி டிரைவை அவர் அழித்துவிட்டார்.

அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் உண்டென்று கேள்விப்பட்டு இரண்டு இரவு இருந்து முயன்றேன். ஒன்றும் கிடைக்கவில்லை. என் சி டிரைவ் எஸ்.எஸ்.டி. என்ற, சுழலும் தட்டு இல்லாத புது வகை. பழைய ஹார்ட் டிஸ்க்கை அவசரமாகப் போமட் அடித்தால் மேலே வேறெதுவும் எழுதப்படும்வரை பழைய கோப்புகள் அடியில் கிடக்கும், தேடி எடுக்கலாம். எஸ்.எஸ்.டி. அப்படியல்ல. போமட் அடித்தவுடன் 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும், அது தன்பாட்டில் அந்த இடங்களைத் துடைத்துவிடும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அழித்த தம்பிக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆச்சி இரண்டாம் முறையும் வந்து சொன்னார். ஒரு சொல் குறை கூறவில்லை. ஆனால் ஒப்பாரி பாடமாக்கி வைத்து ஒப்புவிக்கிற பொருளா? முதல் நாள் தம்பி வாவியில் வலை வைக்கப் போன இருட்டையும், தோணி திரும்பி வந்த சத்தத்தையும் வைத்து அவர் சொன்ன அடிகள் இரண்டாம் நாள் வரவேயில்லை. "அண்டைக்கு வந்தது புள்ள. இண்டைக்கு வருகுதில்ல" என்றார். மலரில் மூன்று பக்கம்தான் போட்டோம்.

இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கொம்பியூட்டர் திருத்தும் தம்பிமாரிடமும் தங்கச்சிமாரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். நிற்கிற கொம்பியூட்டரைச் சோதிக்க முதல் அழிக்காதீர்கள். என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதைப் பில்லில் எழுதித் தாருங்கள். இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்றால், அந்தப் பிழையைக் கடைசியில் கண்டுபிடித்தது நானும் என் தங்கச்சியின் மகனும். ஒரு 80 பக்கக் கொப்பியும் ஒரு பென் ட்ரைவும் போதுமாயிருந்தது.

என்னுடையது 2021 கடைசியில் அசெம்பிள் பண்ணின கொம்பியூட்டர். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் ஒவ்வொரு சாமானாக வாங்கிப் பூட்டியது. ரைசன் 5 5600ஜி என்ற ப்ராசசர், 8 ஜிபி ரெம் (வேலை நடக்கும்போது கொம்பியூட்டர் தற்காலிகமாக எழுதி வைக்கும் நினைவகம்) ஒன்று, விண்டோஸுக்கு ஒரு எஸ்.எஸ்.டி., படங்கள் வைக்க 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். திரைக்குப் படம் அனுப்பும் தனி வி.ஜி.ஏ. கார்ட் கிடையாது. மூன்று வருடம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. போட்டோ வேலை கூடக் கூட வேகம் போதவில்லை என்று 2025 தையில் இன்னொரு 8 ஜிபி ரெம் வாங்கிப் போட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முதல் முறை நின்றது.

நின்றது என்றால் எப்படி? நீலத் திரை இல்லை, பிழை என்று ஒரு வரி இல்லை. திரையில் இருந்த பக்கம் அப்படியே இருக்கும். மவுஸ் அசையாது. மணிக்கூட்டில் 7.42 என்றால் 7.42ஆகவே கிடக்கும். ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கடைசித் துண்டுச் சத்தம் வண்டு இரைவதுபோல இழுபடும். சில வேளை திரையில் கலர் கலராகக் கோடு விழும். பவர் பட்டனை அமர்த்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை நிற்கும், பிறகு நாலு நாள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே நிற்காது.

முதல் கடையைச் சொன்னேன். போமட் அடித்த பிறகு ஆறு நாள் நன்றாக ஓடியது. ஏழாம் நாள் திரும்ப நின்றது. பாமினி எழுத்துருவையும் மற்ற எழுத்துருக்களையும், பிரிண்டரையும், பத்து வருடமாகச் சேர்த்த அழைப்பிதழ் மாதிரிகளில் மிஞ்சியதையும் திரும்பப் போட்டு முடித்த அன்றுதான் நின்றது.

இரண்டாவது கடையில், நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். அது நல்ல காரியம், முதல் கடை அதையும் செய்யவில்லை. அங்கே 'கேர்னல் பவர் 41' என்று சிவப்பில் வரிசையாக நின்றது. "பார்த்தீங்களா, பவர் எண்டு போட்டிருக்கு. பவர் சப்ளை பழுது" என்று 12,500 ரூபாவுக்குப் புதியது ஒன்றைப் பூட்டி, கையோடு இன்னொரு போமட்டும் அடித்துத் தந்தார்கள். (இந்த முறை கோப்புகளைக் கேட்டு எடுத்து வைத்தார்கள். அந்த நன்றி எனக்கு இருக்கிறது.) 41 என்ற அந்த வரி பவர் சப்ளையைக் குற்றம் சொல்வதல்ல. கொம்பியூட்டர் போன முறை முறையாக மூடப்படவில்லை என்பதை, அடுத்த முறை எழும்பும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. நான் பட்டனை அமர்த்தி அணைத்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு 41 விழுந்திருக்கிறது. நோயாளி மயங்கி விழுந்தார் என்ற செய்திதான் அதில் உண்டு, எதனால் விழுந்தார் என்பது இல்லை. ஒன்பதாம் நாள் திரும்ப நின்றது.

மூன்றாவது கடை கல்முனைப் பக்கம். கலர் கோடுகளைச் சொன்னதும், "மதர்போட் முடிஞ்சுது, மாத்த வேணும், 48,000 போகும். இல்லாட்டி வி.ஜி.ஏ. ஒண்டு போட்டுப் பாப்பம்" என்றார்கள். மதர்போட் என்றால் மற்றச் சாமானெல்லாம் பூட்டப்படும் தாய்ப்பலகை. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிகிறது, அதனாலும் நிற்கும் என்று இன்னொருவர் சொன்னார். ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அது வேறு கவலை. அதற்காகக் கொம்பியூட்டர் நிற்காது, அதுவும் ஆறு மாதம் முன்கூட்டியே நிற்காது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது சாமான் விலை எங்கே போனதென்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 48,000 ரூபாவை 'போட்டுப் பாப்பம்' என்பதற்குக் கொடுக்க என்னிடம் இல்லை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்தாறுமூலையில் படிக்கும் தங்கச்சியின் மகன் அந்த வாரம் வீட்டுக்கு வந்தான். கேசிங்கைத் திறக்கவில்லை. பேப்பரும் பேனையும் எடுத்தான். "பெரியம்மா, இது நிக்கத் தொடங்க முதல் என்னத்தை மாத்தினீங்க?" என்று கேட்டான். மூன்று கடையில் ஒருவரும் கேட்காத கேள்வி. அதைவிட, நானும் ஒருவரிடமும் சொல்லாத பதில். ரெம் போட்டது தையில், நின்றது பத்து நாள் கழித்து. இடையில் பத்து நாள் ஒழுங்காக ஓடியதால் இரண்டையும் நான் முடிச்சுப் போடவேயில்லை. சொல்லியிருந்தால் முதல் கடையிலேயே தீர்ந்திருக்கலாம். அந்தப் பிழை என்னுடையது.

ஆனாலும் அவன் உடனே ரெம்மைக் கழற்றச் சொல்லவில்லை. "சந்தேகம் வேற, கண்டது வேற. எழுதுவம்" என்றான். அன்றிலிருந்து கொப்பியில் நாலு நிரல் போட்டேன்: திகதியும் நேரமும், அப்போது என்ன வேலை, எத்தனை மென்பொருள் திறந்திருந்தது, கேப்ஸ் லொக் லைட். இந்தக் கடைசி நிரல் எனக்குப் புதிது. கொம்பியூட்டர் நின்றவுடன் கீபோர்டில் கேப்ஸ் லொக்கை அமர்த்திப் பார்க்க வேண்டும். லைட் மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரையோ ஏதோ ஒரு மென்பொருளோதான் சிக்கிவிட்டது. கொஞ்சம் பொறுத்தால் மீளவும் கூடும். லைட் அசையாவிட்டால் அடியோடு நின்றுவிட்டது. அப்படியானால் வன்பொருளிலோ, அதை ஓட்டும் டிரைவரிலோ தேட வேண்டும்.

38 நாள் எழுதினேன். 26 முறை நின்றது. 26 முறையும் லைட் அசையவில்லை. அதில் 19 முறை பெரிய படங்களைத் திறந்து வைத்துப் போட்டோ வேலை செய்துகொண்டிருந்த நேரம். வெறும் வினாத்தாள் அடிக்கும்போது நின்றது இரண்டே முறை. பகல், இரவு, வெயில், மழை என்று ஒரு கணக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் எந்தச் சாமான் பழுதானாலும் முதல் பழி கரண்டுக்குத்தான். அயலவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். கரண்ட் தாழ்ந்தோ விட்டுவிட்டோ வந்தால் கொம்பியூட்டர் பெரும்பாலும் சட்டென்று அணையும், அல்லது தானாகத் திரும்ப எழும்பும். மின்விசிறி சுற்ற, லைட் எரிய, படம் அப்படியே உறைந்து நிற்பது அதன் வழக்கமான குணமல்ல. ஆனாலும் அதையும் விடக்கூடாதென்று கரண்ட் போனாலும் பற்றரியில் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்றை அயல்வீட்டில் கேட்டு வாங்கி ஒரு கிழமை பூட்டி வைத்தேன். மூன்று முறை நின்றது. சந்தேகப் பட்டியலில் கரண்டை வெட்டினேன்.

அந்த வேலைக்கிடையில் வேறொன்று அகப்பட்டது. கேசிங்கின் பின்பக்க இரும்பில் புறங்கை பட்டால் சுள்ளென்று ஏறும். பல மாதமாக அப்படித்தான், பழகிப்போயிருந்தேன். நான் பூட்டியிருந்த மல்டி பிளக் இரண்டு ஊசிக் கட்டையில் செருகியது. எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகள் எர்த் வழியாக இறக்க வேண்டிய கசிவு, இறங்க இடமில்லாமல் கேசிங்கில் நிற்கிறது. 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி அந்த இரும்பில் இருக்கும், ஓட்டம் மிகக் குறைவென்பதால் ஆளை விட்டுவைக்கிறது. அதற்கும் நிற்பதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் இதை வாசிக்கிற எவருக்காவது கேசிங் சுள்ளிட்டால், இன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் உள்ள 13 அம்பியர் பிளக் போடுங்கள். எங்கள் கடற்கரை மணலில் கோடையில் ஈரம் வற்றினால் எர்த் கம்பியும் சரியாக வேலை செய்யாது; அதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் கம்பி கறள் பிடித்துப் பாதி தின்னப்பட்டிருந்தது.

அடுத்தது சூடு. அது கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதம். கேசிங்கைத் திறந்தால் மின்விசிறிக் கூட்டில் மெல்லிய மணல், ஒரு மூலையில் இரண்டு பல்லி முட்டைக் கோது. துப்புரவாக்கினேன். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளை மூலையில் திறந்து வைத்தேன். உறைந்த திரையில் கடைசியாகக் காட்டிய எண்ணும் உறைந்து நிற்கும் அல்லவா, அதைக் கொப்பியில் எழுதினேன். 58, 64, 71. இந்தப் ப்ராசசர் 95 பாகை வரை தாங்கும். சூட்டையும் வெட்டினேன். பிறகு டிஸ்க். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைத் திறந்து காட்டும். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியம், வயர் பிழையைக் காட்டும் சி7 என்ற வரியும் பூச்சியம். பவர் சப்ளையை இரண்டாம் கடை ஏற்கெனவே என் செலவில் மாற்றித் தந்திருந்தது. அது பிழையில்லை என்பதற்கான சோதனையாக அந்த 12,500 ரூபா கணக்கில் சேர்ந்தது.

மிஞ்சியது ரெம்மும் மதர்போட்டும். இரண்டு ரெம்மையும் கழற்றி, பொன்னிற ஓரத்தை அழிறப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பூட்டினோம். கடல் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். உப்புக் காற்றுக்கு இது பலருக்குப் பலித்த வைத்தியம். எனக்குப் பலிக்கவில்லை. விண்டோஸிலேயே இருக்கிற மெமரி சோதனையை ஓட்டினோம். குறையில்லை என்று சொன்னது. அங்கேயே நாங்கள் நிறுத்தியிருந்தால் அந்த மதர்போட் மாற்றப்பட்டிருக்கும். அந்தச் சோதனை தானாக ஓடினால் இரண்டே சுற்று, அதுவும் மேலோட்டமாக.

மெம்டெஸ்ட்86+ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காசில்லை. பென் ட்ரைவில் ஏற்றி, விண்டோஸையே எழுப்பாமல், அந்தப் பென் ட்ரைவிலிருந்து நேரே கொம்பியூட்டரை எழுப்ப வேண்டும். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து புதிய மதர்போட்களிலும் அது ஓடுகிறது. ரெம்மில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கும். பிறகு வேறு எண், வேறு ஒழுங்கு. டிஸ்க்கைத் தொடாது, ஒரு கோப்பும் அழியாது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குத் தொடக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். பத்தே கால் ஆகும்போது நீலத் திரையில் சிவப்பு வரி விழுந்தது. பிறகு இன்னொன்று. நல்ல ரெம்மில் இந்த எண்ணிக்கை பூச்சியமாகவே இருக்க வேண்டும், ஒன்று விழுந்தாலும் பழுதுதான். விடியும்போது 214.

ரெம்மில் பிழை என்றால் ரெம்தானா, அது குந்தியிருக்கும் இடமா? மதர்போட்டின் துளை பழுதென்றாலும் இதே சிவப்பு வரி விழும். அடுத்த இரண்டு இரவும் இதற்குத்தான். பழைய ரெம்மை மட்டும் போட்டு நாலு சுற்று: பூச்சியம். அதையே மற்றத் துளையில் போட்டு நாலு சுற்று: பூச்சியம். புதிய ரெம்மை மட்டும் முதல் துளையில்: இரண்டாம் சுற்றில் சிவப்பு. மற்றத் துளையில்: முதல் சுற்றிலேயே சிவப்பு. துளை மாறினாலும் பழுது அந்த ரெம்மோடு கூடவே போகிறது. விண்டோஸ் எழும்ப முதல் வரும் பயோஸ் என்ற அமைப்புத் திரையில் ரெம்மின் வேகத்தை 3200இலிருந்து 2133க்குக் குறைத்தும் பார்த்தோம். பிழை குறைந்தது, நிற்கவில்லை. 48,000 ரூபா சொன்ன மதர்போட்டில் ஒரு குறையும் இல்லை. திரையில் விழுந்த கலர் கோடும் விளங்கியது. தனி வி.ஜி.ஏ. இல்லாத இந்தப் ப்ராசசர், படத்துக்கான இடத்தையும் அதே ரெம்மிலிருந்துதான் கடன் வாங்குகிறது. கடன் வாங்கிய இடம் பழுதென்றால் படத்தில் கோடு விழும்.

அந்த ரெம்மைக் கழற்றிய நாளிலிருந்து இதுவரை ஒரு முறையும் நிற்கவில்லை.

போமட் அடித்த பிறகு ஏன் ஆறு நாளும் ஒன்பது நாளும் நன்றாக ஓடியது என்பதைத்தான் நான் கனநாள் யோசித்தேன். கடைத் தம்பிமார் தங்கள் வைத்தியம் பலித்ததென்று நம்புவதும், நாங்கள் நம்புவதும் இதனால்தான். புதிதாக விண்டோஸ் போட்ட கொம்பியூட்டரில் வேலை ஒன்றும் இல்லை. எழுத்துருக்கள் இல்லை, போட்டோ மென்பொருள் இல்லை, பின்னால் ஓடுகிற ஒன்றும் இல்லை. ரெம்மில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். பழுதான சில இடங்களை ஒருவரும் தொடமாட்டார்கள். நாலைந்து நாளில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, பெரிய படத்தைத் திறக்க, அந்த இடத்தில் கால் வைக்கிறோம். இடையில் ஓடிய நாட்களைப் பார்த்து 'விண்டோஸ் பிரச்சினைதான்' என்று எல்லாரும் முடிவு கட்டுகிறோம்.

இதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. பழுதான ரெம்மை வைத்துக்கொண்டு போமட் அடித்து விண்டோஸ் ஏற்றினால், ஏற்றுகிற கோப்புகள் எல்லாம் அந்த ரெம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன. போகிற வழியில் ஒரு எழுத்து மாறினாலும் டிஸ்க்கில் பிழையாகவே பதியும். இரண்டாம் கடையில் விண்டோஸ் ஏறும்போது பாதியில் இரண்டு முறை நின்றதாம், பென் ட்ரைவ் சரியில்லை என்று மாற்றினார்களாம். அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் கோப்புகளுக்கும் இதே கதிதான். தைக்கும் ஆடிக்கும் இடையில் நான் சேமித்த படங்களில் ஒன்பது, மேல் பாதி படமாகவும் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகவும் திறக்கின்றன. மூன்று வினாத்தாள் திறக்கவே இல்லை. அந்த மாதங்களில் எடுத்த மாற்றுப் பிரதிகளிலும் அதே சாம்பல்தான். உங்கள் கொம்பியூட்டர் இப்படி நிற்கிறதென்றால், காரணம் தெரியும்வரை புதிய வேலைகளை அதில் சேமிப்பதையே குறையுங்கள்.

ரெம்மை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போனேன். மூன்று வருட வாரண்டி என்று அன்றைக்கு வாயால் சொல்லியிருந்தார்கள். பில்லில் 'ரெம் 8 ஜிபி - 1' என்று மட்டும் இருக்கிறது. கம்பனிப் பெயர் இல்லை, தொடர் இலக்கம் இல்லை. "இது நாங்க தந்ததெண்டு எப்பிடி அன்ரி தெரியும்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை, அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. பிறகு சட்டத்தைத் தேடி வாசித்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். வாரண்டிக்கு ஒவ்வாத பொருளை விற்றால் முறையிடலாம். அதற்கு 1977 என்ற அவசர இலக்கமும் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது தை. மூன்று மாதம் சித்திரையோடு முடிந்தது. சித்திரையில் நான் இரண்டாவது போமட்டுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

சோதிக்காமல் அழிக்கிற வழக்கம் கோப்பை மட்டும் தின்பதில்லை, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலத்தையும் தின்றுவிடுகிறது என்பதை நான் இப்படித்தான் அறிந்தேன். பிழை ஆடி கடைசியில் அகப்பட்டபோது கேட்பதற்கு ஒரு கதவும் திறந்திருக்கவில்லை.

கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை நான் நோகவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு வரை நிற்கிறார்கள். மேசையில் பத்துக் கேசிங் அடுக்கியிருக்கும். "இண்டைக்கே வேணும் தம்பி" என்று அவசரப்படுத்துவது நாங்கள்தான். போமட் ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும், 2,000 ரூபா எழுதலாம். ரெம் சோதனை ஒரு இரவு போகும், அதற்கு என்ன விலை போடுவதென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த விலையை நாங்கள் கொடுக்கப் பழக வேண்டும். ஒரு இரவுச் சோதனைக்கு 1,500 ரூபா என்று பலகையில் எழுதிப் போட்டால் நான் மனமாரக் கொடுப்பேன். அந்த மூன்று கடைக்கும் நான் கொடுத்தது அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். சோதனைக்கு ஆள் பக்கத்தில் நிற்கவும் தேவையில்லை. கடை பூட்டும்போது பென் ட்ரைவைச் செருகிவிட்டுப் போனால், காலையில் விடை திரையில் இருக்கும்.

போமட் உண்மையாகவே தேவைப்படுகிற வேளையும் உண்டு. அப்போது டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கொம்பியூட்டரில் பூட்டி, டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் பிரதி எடுக்க அரை மணித்தியாலம் போகும். கொண்டுவருகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் என்னைப் போல டெஸ்க்டொப்பிலேதான் எல்லாவற்றையும் வைத்திருப்போம். அது சி டிரைவுக்குள் இருக்கிறதென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பில்லில் நான் கேட்பது நாலு வரி. பூட்டிய அல்லது விற்ற சாமானின் பெயரும் தொடர் இலக்கமும். எந்தெந்தச் சோதனை, எத்தனை மணித்தியாலம். என்ன அகப்பட்டது, ஒன்றும் அகப்படாவிட்டால் அகப்படவில்லை என்று. எதை அழித்தீர்கள், யாரிடம் கேட்டு அழித்தீர்கள். அடுத்த கடைக்குப் போனாலும் அந்தப் பில்லைக் காட்டினால் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. என் கொம்பியூட்டர் மூன்று கடையிலும் முதல் நோயாளியாகவே ஏறியிறங்கியது.

நானும் ஒரு சேவைக்குக் காசு வாங்குகிறவள். ஆவணி முதல் என் பற்றுச்சீட்டில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: கோப்பின் பெயர், அது எந்தெந்த இரண்டு இடத்தில் எந்தத் திகதிவரை என்னிடம் இருக்கும். கிரான்குளத்து வீட்டாருக்கு ஆண்டுத் திவசத்துக்கு மலரைத் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தபோது அவர்களுடைய சீட்டிலும் அதை எழுதினேன். ஆச்சியின் ஒப்பாரி மூன்று பக்கமும் அதில் இருக்கிறது. இந்த முறை அவர் குரலையும் பதிந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சுத் தொழில் செய்யும் வாசகி,
ஆரையம்பதி.